‘முத்தம் கொடு’ என்று பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் உடல் பாதுகாப்பு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடக் கூடாது, தொட்டால் ‘வேண்டாம்’ என்று கத்த வேண்டும், அங்கிருந்து ஓடிவிட வேண்டும், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று படங்களோடு போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் கட்டுரை முழுவதிலும் கத்துவதும் ஓடுவதும் சொல்வதும் பிள்ளையின் வேலையாகவே இருக்கிறது. பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறை என் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். பிள்ளைகளின் உடம்பைத் தொடுவதுதான் என் தொழிலே. ஊசி போடுவது, கட்டுப் பிரிப்பது, உடம்பு துடைத்துவிடுவது, சிறுநீர்க் குழாய் வைப்பது எல்லாம் அதில் வரும். ஒரு பிள்ளை ‘வேண்டாம்’ என்று சொல்வதையும், சுற்றி இருக்கும் பெரியவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதையும் தினமும் பார்க்கிறேன்.

சமீபத்தில் ஒரு நாலு வயதுப் பெண் குழந்தை குணமாகி வீட்டுக்குக் கிளம்பியது. அம்மா என்னிடம் நன்றி சொல்லிவிட்டுக் குழந்தையை முன்னால் தள்ளி, “ஆன்ட்டிக்கு ஒரு முத்தம் குடு. குடுக்கலேன்னா ஆன்ட்டி மறுபடியும் ஊசி போட்டுடுவாங்க” என்றார். குழந்தை என் கையிலிருந்த தட்டைப் பார்த்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முகத்தை மட்டும் நீட்டியபடி என் பக்கம் வந்தது. “வேண்டாம்டா கண்ணு, டாட்டா காட்டினா போதும். அதுகூட உனக்கு இஷ்டம் இருந்தாத்தான்” என்றேன். கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அப்புறம் ரெண்டு விரலை மட்டும் ஆட்டியது. அம்மாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்பினால்தான் அப்படிச் சொன்னார், எல்லோரும் சொல்வதுதான் அது. ஆனால் அந்தக் குழந்தைக்கு அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்த பாடம் என்ன? பெரியவர்கள் கேட்டால் உன் உடம்பைக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் உனக்கு வலிக்கும். பிள்ளைகளைச் சீரழிக்கிறவனும் இதே இரண்டு விஷயங்களைத்தான் அவர்களிடம் சொல்கிறான்.

வீட்டில் இது நாள்தோறும் நடக்கிறது. யாராவது வந்தால் ‘போய் மடியில உக்காரு’ என்கிறோம். கன்னத்தைக் கிள்ளினால் பிள்ளை முகத்தைத் திருப்புகிறது, ‘ரொம்பத்தான் பண்றா’ என்று சிரிக்கிறோம். கிச்சுகிச்சு மூட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை மூச்சுத் திணறச் சிரித்துக்கொண்டே “விடு மாமா, போதும், விடு” என்று கையைத் தள்ளுகிறது. சிரிக்கிறதே, பிடித்துத்தானே இருக்கிறது என்று மாமா விடுவதில்லை. கிச்சுகிச்சு மூட்டினால் பிடிக்காதபோதும் சிரிப்பு வரும். உடம்பு அப்படித்தான். முதல் ‘போதும்’ காதில் விழுந்ததும் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். வேண்டுமென்றால் பிள்ளையே “இன்னொரு தடவை” என்று கிட்டே வரும். நான் போதும் என்றால் பெரியவர் கை நிற்கும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. விளையாட்டில் நூறு முறை மதிக்கப்படாத ‘வேண்டாம்’, ஆபத்து வரும் அன்றைக்கு மட்டும் எப்படி அதன் வாயில் வரும்?

பெரியவர்கள் மனம் புண்படுமே, மரியாதை தெரியாமல் வளர்கிறது என்பார்களே என்று கேட்கிறார்கள். மரியாதைக்கும் உடம்புக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. வணக்கம் சொல்லலாம், கை கொடுக்கலாம், நின்ற இடத்திலிருந்தே கையசைக்கலாம். எதைச் செய்வது என்று பிள்ளை முடிவு செய்யட்டும். ஆனால் அதை விருந்தினரிடம் சொல்லும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடக் கூடாது. அம்மாவோ அப்பாவோ முந்திக்கொண்டு, “அவளுக்கு இப்ப கட்டிப்பிடிக்க வேண்டாமாம் பெரியப்பா, வணக்கம் சொல்லுவா” என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்ல வேண்டும். தன் பக்கம் ஒரு பெரியவர் நிற்பதை அது கண்ணால் பார்க்க வேண்டும். பெரியப்பாவுக்கு ஒரு நிமிடம் சங்கடமாக இருக்கலாம். நல்ல மனிதர் என்றால் புரிந்துகொள்வார்.

அப்படியானால் பிள்ளை எதற்கு ‘வேண்டாம்’ என்றாலும் விட்டுவிட வேண்டுமா? விட முடியாது, என் வேலையில் கண்டிப்பாக முடியாது. மருந்து போயாக வேண்டும், கட்டு மாற்றியாக வேண்டும். வீட்டிலும் பல் தேய்ப்பது, குளிப்பது, சாலையில் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அப்படித்தான். அங்கே நாங்கள் செய்வது வேறு. ஊசி போடுவதா வேண்டாமா என்று கேட்க மாட்டேன், கேட்டுவிட்டுப் பதிலை மீறுவது தப்பு. இடது கையா வலது கையா, அம்மா மடியிலா கட்டிலிலா, ஒன்று இரண்டு மூன்று நான் எண்ணட்டுமா நீ எண்ணுகிறாயா என்று கேட்பேன். தொடப் போவதற்கு முன்னால் எங்கே தொடப் போகிறேன், எதற்காக என்று சொல்வேன். ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்ல மாட்டேன். சுருக்கென்று வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும் என்பேன். தொடுகிற ஆள் பொய் சொல்ல மாட்டார் என்று பிள்ளை எதிர்பார்க்கப் பழக வேண்டும்.

மறைவான இடங்களைச் சோதிக்க வேண்டி வந்தால் எனக்கும் மருத்துவருக்கும் இன்னும் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. காரணத்தைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும், பிள்ளைக்கு நம்பிக்கையான ஒருவர் கூடவே இருக்க வேண்டும், தேவையான இடம் தவிர மற்றதைப் போர்த்தியிருக்க வேண்டும். இதில் ஏதாவது நடக்கவில்லை என்றால் பெற்றோர் தயங்காமல் கேளுங்கள். “கொஞ்சம் நில்லுங்க, எதுக்குன்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டு அப்புறம் பாருங்க” என்று சொன்னால் எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார். டாக்டர், வாத்தியார், பயிற்சியாளர் யாராக இருந்தாலும் நம் வீட்டில் கேள்வி கேட்பார்கள் என்று பிள்ளைக்கும் அப்போதுதான் தெரியும்.

உடம்பின் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை, கால், மூக்கு, காது எல்லாம் இரண்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். நடுவில் ஒரு பகுதி மட்டும் பெயரே இல்லாமல் போகிறது, இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு செல்லப் பெயர். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை ஒரு நாள் விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழைத்து வந்தார்கள். தாத்தா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அடிவயிற்றைக் காட்டுகிறான், வேறு பேச்சில்லை. காலை ஒடுக்கிக்கொண்டு படுத்திருந்த விதம் எனக்கு உறுத்தியது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு, “விதைப்பையில வலிக்குதாப்பா?” என்று நேராகக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு அழ ஆரம்பித்தான். விதை முறுக்கிக்கொண்டிருந்தது. ரத்த ஓட்டம் நின்றுபோகும், ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால்தான் பெரும்பாலும் விதையைக் காப்பாற்ற முடியும். ராத்திரி தூக்கத்தில் வலி ஆரம்பித்ததிலிருந்து அந்த நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. சொல்ல வார்த்தை இல்லாமல், இருந்த வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பொறுத்துக்கொண்டே படுத்திருக்கிறான். நல்லவேளை, காப்பாற்றிவிட்டார்கள்.

அவனுக்கு யாரும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. வெறும் வலியையே சொல்ல முடியாத பிள்ளையால், ஒருவர் தனக்குச் செய்ததை எப்படிச் சொல்ல முடியும்? ஆண்குறி, விதைப்பை, பெண்குறி, பிட்டம், மார்பு என்ற பெயர்களை, முழங்கை, முழங்கால் என்று சொல்லிக்கொடுக்கும் அதே குரலில் சொல்லிக்கொடுங்கள். குளிப்பாட்டும்போதே சொல்லலாம், அதற்காகத் தனியாக உட்காரவைத்துப் பாடம் எடுக்க வேண்டாம். அந்தப் பெயர்களைச் சொன்னால் அம்மா முகம் மாறுகிறதா என்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். மாறவில்லை என்றால், எதையும் இவரிடம் சொல்லலாம் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

உங்கள் கட்டுரையில் பிடிக்காத தொடுதல், வலிக்கிற தொடுதல், பயமாக இருக்கிற தொடுதல் என்று அடையாளம் சொல்லியிருந்தீர்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான நேரங்களில் கெடுதல் செய்பவர் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர். விளையாட்டாக, பரிசாக, செல்லமாக, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவார். சில சமயம் பிள்ளைக்கு வலிக்காது, பயமும் வராது, அவர் மேல் பாசம்கூட இருக்கும். வலிக்கவில்லையே, அப்படியானால் இது தப்பில்லை போலிருக்கிறது என்று சின்ன மனசு கணக்குப் போடும். பின்னால் விவரம் தெரிந்ததும், நானும் சேர்ந்துதானே விளையாடினேன் என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும். அதனால் எப்படி இருந்தது என்பதை மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சுத்தம் செய்வதற்கும் சிகிச்சைக்கும் தவிர உன் மறைவான இடங்களை யாரும் தொடவோ பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது, அவர்களுடையதைத் தொடவோ பார்க்கவோ உன்னைச் சொல்லவும் கூடாது. அது யாராக இருந்தாலும், உனக்குப் பிடித்த ஆளாக இருந்தாலும், வேறொரு பிள்ளையாகவே இருந்தாலும் இதுதான் விதி என்று சொல்லுங்கள்.

அதோடு ரகசியம் பற்றியும் ஒரு விதி வேண்டும். ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்று யார் சொன்னாலும், அதை அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும். பிறந்தநாள் பரிசை மறைத்துவைப்பது வேறு, அது எந்த நாளில் தெரியப்போகிறது என்று முதலிலேயே தெரியும். என்றைக்குமே சொல்லக் கூடாது என்கிற ரகசியத்துக்கு வீட்டில் இடம் கிடையாது. இந்த விதியை நாமும் மீறக் கூடாது. ‘நாம கடைக்குப் போனது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்’ என்று சின்னச் சின்னதாகப் பிள்ளையை ஒளிக்கப் பழக்கிவிடுகிறோம்.

கத்து, ஓடு என்பதில் எனக்கு இன்னொரு கவலை. பயத்தில் உடம்பு உறைந்துபோவது பெரியவர்களுக்கே நடக்கிறது. பிள்ளைகளுக்கும் நடக்கும், குரல் எழும்பாது, கால் நகராது. கத்த வேண்டும் என்று மட்டும் கற்ற பிள்ளை, கத்த முடியாமல் போனால் என்ன நினைக்கும்? சொல்லிக்கொடுத்ததை நான் செய்யவில்லை, தப்பு என் மேல்தான், அம்மா திட்டுவார் என்று நினைக்கும். அதனால் அந்தப் பாடத்தோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “உன்னால கத்த முடியலேன்னாலும் பரவாயில்ல, அப்ப சொல்ல முடியலேன்னாலும் பரவாயில்ல. நாளைக்கு, அடுத்த வருஷம், எப்ப சொன்னாலும் நான் கேப்பேன். உன் மேல தப்பே கிடையாது.” ஒரு தடவை சொன்னால் போதாது, அவ்வப்போது சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பேசினால் பிள்ளை பயந்துவிடும் என்று பல பெற்றோர் என்னிடம் சொல்கிறார்கள். பள்ளிகளில் நடந்த இந்த மாதிரிப் பாடங்களைப் பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. அவற்றில் மொத்தம் 5,802 பிள்ளைகள் இருந்தார்கள். பாடம் கற்ற பிள்ளைகளுக்கு விவரமும் தற்காத்துக்கொள்ளும் திறனும் கூடியிருந்தன, பயமோ பதற்றமோ கூடவில்லை. ஆனால் அந்தப் பாடங்களால் கொடுமை உண்மையிலேயே குறைந்ததா என்பதை அந்த ஆய்வுகள் சரியாக அளக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். என் கவலையும் அதுதான். பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்பதோடு பெரியவர் கடமை முடிந்துவிடாது. 1989ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது, 34ஆவது பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். வன்முறையிலிருந்தும் பாலியல் சுரண்டலிலிருந்தும் குழந்தையைக் காப்பாற்றும் கடமையை அரசுகளின் மேல் வைத்திருக்கிறார்கள், குழந்தையின் மேல் வைக்கவில்லை.

‘எனக்குப் பையன்தான், எனக்கு இந்தக் கவலை இல்லை’ என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யுனிசெஃப் 2024ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இன்று உயிரோடு இருக்கும் பெண்களிலும் சிறுமிகளிலும் 8 பேரில் ஒருவர், அதாவது 37 கோடிக்கும் மேற்பட்டவர்கள், 18 வயதாவதற்குள் வல்லுறவுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள். ஆண்களிலும் சிறுவர்களிலும் 11 பேரில் ஒருவர், 24 கோடியிலிருந்து 31 கோடி வரை. பையன்கள் இன்னும் குறைவாகத்தான் வாயைத் திறக்கிறார்கள். ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்று வளர்த்தால் எப்படித் திறப்பார்கள்? குளிப்பதற்கும் கழிப்பறைக்கும் பிறர் உதவி தேவைப்படும் மாற்றுத்திறன் பிள்ளைகளையும் மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பேச வராத பிள்ளைக்குப் படம் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம், ‘நிறுத்து’ என்பதற்கு ஒரு சைகை பழக்கலாம், அந்தச் சைகை வந்தால் உதவுகிற கை நின்றாக வேண்டும்.

பிள்ளை சொல்கிற நாள் வந்தால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கட்டுரையில் நான் மிகவும் தேடியது. பிள்ளைகள் உட்கார்ந்து வரிசையாகச் சொல்வதில்லை. விளக்கை அணைத்த பிறகு, வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, “நான் இனிமே டியூஷன் போகல” என்று ஏதோ ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும். அப்போது பதறாதீர்கள், உள்ளே பதறினாலும் முகத்தில் காட்டாதீர்கள். “சொன்னியே, ரொம்ப நல்லது. நான் உன்னை நம்புறேன்” என்று சொல்லுங்கள். ‘அவன் இங்க தொட்டானா, இப்படிப் பண்ணானா’ என்று நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்ற கேள்வி போதும். ‘ஏன் இவ்வளவு நாள் சொல்லலை’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். சித்தியிடம் ஒரு தடவை, பாட்டியிடம் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ தெரிவியுங்கள்.

சம்பவம் அப்போதுதான் நடந்திருந்தால் குளிப்பாட்ட வேண்டாம், உடுத்தியிருந்த துணியைத் துவைக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். சுத்தம் செய்துவிட வேண்டும் என்று தாய்க்குத் தோன்றுவது இயல்புதான், ஆனால் சாட்சியங்கள் அதில் போய்விடும். சோதித்துப் பார்த்து உடம்பில் காயம் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னால், அப்பாடா, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட பல சம்பவங்களில் உடம்பில் எந்த அடையாளமும் இருக்காது. இருந்தாலும் சீக்கிரம் ஆறிவிடும். சோதனை அறிக்கையைக் காட்டி, ‘பாத்தியா, நீ சொன்னது பொய்’ என்று ஒரு பிள்ளையிடம் சொன்ன உறவினரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் எங்கள் யாரிடமும் பேசவில்லை.

பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். செய்தி போடும்போது குழந்தையின் பெயரை மாற்றிவிடுகிறீர்கள், சரி. ஆனால் வயது, வகுப்பு, தெரு, தந்தையின் தொழில், குற்றம் சாட்டப்பட்டவர் என்ன உறவு என்று எல்லாவற்றையும் அடுக்கினால், அக்கம்பக்கத்தில் யாருக்குத் தெரியாமல் போகும்? அந்தப் பிள்ளை திரும்ப அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழும் சிறுமியின் படத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சொன்னால் நம் கதியும் இதுதான் என்று பார்க்கிற பிள்ளைக்குத் தோன்றும். அதே இடத்தில் உதவி எண்ணையும், பிள்ளை சொன்னதும் பெற்றோர் செய்ய வேண்டியதையும் பெட்டி கட்டிப் போடுங்கள். இந்த வகைச் செய்தி வரும் ஒவ்வொரு நாளும் போடுங்கள். மருத்துவ விவரம் எதையாவது சரிபார்க்க வேண்டும் என்றால் நான் உதவத் தயார்.

இப்படிக்கு,
குழந்தைகள் பிரிவுச் செவிலியர் ஒருவர்